குத்தகைப் பத்திரமும் பாடபேதமும்

ஒரு நூலின் இரு பிரதிகளை வரிக்கு வரி ஒப்புநோக்குதல் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஏடுகளை ஒப்பிட்ட பின்னரே. இன்று அவ்வேலையைக் கணினியின் உரைத்தொகுப்பி சில நொடிகளில் முடித்துவிடுகிறது. இதற்கு மூலமான ‘டிஃப்’ என்னும் நிரலை பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் 1970களின் தொடக்கத்தில் ஆக்கினார். இரு கோப்புகளிலும் வரிசை மாறாமல் வரும் பொதுவரிகளில் மிக நீண்ட தொடரை அது முதலில் கண்டறியும், எஞ்சியவையே வேறுபாடு. வேற்றுமை காட்டும் கருவி ஒற்றுமையிலிருந்து தொடங்குகிறது என்பது நமக்குப் பிடித்த செய்தி.

கம்பம் பள்ளத்தாக்கினராகிய நாம் இக்கருவியை எந்த நூலில் பயன்படுத்திப் பார்க்கலாம்? இலக்கியத்தைவிட நம் வயலுக்கு நெருக்கமான ஒன்று உண்டு: 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே எழுதப்பட்ட பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம். நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கர், பணிகளுக்கு மேலும் 100 ஏக்கர். நீர்த்தேக்கத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டு. 1895இல் அணை முடிந்தது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை இருபோகம் காணும் வயல்கள் இத்தாளின் மேல் நிற்கின்றன.

மின்சாரம் பற்றி அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்துக்குப் பொருள் காண்பதில் வழக்கு எழுந்தது. நீர் பாசனத்துக்கு மட்டுமே உரியது, மின்னாக்கத்துக்கு அன்று என நடுவர் நளினி நிகர் சட்டர்ஜி 1941இல் தீர்ப்பளித்தார். ஆயினும் லோயர் கேம்ப் மின்நிலையம் 1950களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கிற்று. விசைச்சுழலி முன்னே சுழல, தாள் பின்னே வந்தது: 1970 மே 29இல் தமிழகமும் கேரளமும் இரு உடன்படிக்கைகள் செய்துகொண்டன. ஒன்று குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. மற்றொன்று கட்டணத்தின் பேரில் மின்னாக்கத்துக்கு இசைவளித்தது.

இவ்விரு காலத்து ஆவணங்களையும் அப்படியே இரு சாளரங்களில் திறந்தால் திரை முழுவதும் வண்ணமாகிவிடும், பயனில்லை. 1970இன் தாள் பழைய பத்திரத்தின் மறுபதிப்பு அன்று. அதன் திருத்தப் பட்டியல். கணினியாளர் இதனை ‘பேட்ச்’ என்பர். பழைய பத்திரத்தின் படியொன்றில் அத்திருத்தங்களை ஏற்றி, மூலத்தை இடப்புறமும் திருந்திய வடிவை வலப்புறமும் வைத்தல் வேண்டும். பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் ஓர் எண் மாறினாலும் பத்தி முழுவதையுமே மாறியதாகக் கருவி காட்டும். எனவே வாக்கியத்துக்கொரு வரியாகப் பிரித்துக்கொள்வது நன்று. தமிழ் மொழிபெயர்ப்பை ஒப்பிடுவோர்க்கு வேறொரு தொல்லை. ஒருங்குறியில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம், இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றே; கருவிக்குப் பாடபேதம்! ஏட்டெழுத்தில் ‘ர’வும் காலும் மயங்கி இடர்ப்பட்ட பதிப்பாசிரியர்கள் இதைக் கண்டால் சிரித்திருப்பர்.

அவ்வாறு பார்க்கையில் வண்ணம் ஏறுவது தொகை, மீன், மின்சாரம் ஆகிய இடங்களில். 999 ஆண்டும், காலம் முடிந்தபின் புதுப்பிக்கும் உரிமையும் வண்ணமின்றி நிற்கின்றன. சுவடியில் மாறாத வரி பதிப்பாசிரியர்க்கு ஓய்வு தரும். பத்திரத்திலோ வழக்கறிஞர் முதலில் படிப்பது அதைத்தான். பழைய பத்திரத்தைத் திருத்துவோர் அது உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்கின்றனர் அல்லவா? 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் குத்தகை செல்லுமெனக் கொண்டபோது 1970இன் உடன்படிக்கைகளையும் கணக்கில் எடுத்தது.

நம் உழவர் மனப்பாடமாகச் சொல்லும் 136 அடியும் 142 அடியும் இவ்விரு கோப்புகளில் எதிலும் இல்லை. பத்திரம் குத்தகை நிலத்துக்கு எல்லையாகக் கூறுவது 155 அடி உயரக்கோடு. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது 1979இல். 142 அடிக்கு இசைவு கிடைத்தது 2006இன் தீர்ப்பில். அவற்றைத் தேடுவோர் மூன்றாவது சாளரத்தைத் திறக்க வேண்டும்.