நியூயார்க்கின் காபரே உரிமமும் ஜாஸ் கலைஞர்களும்

உணவோ பானமோ விற்கும் இடத்தில் இசை, பாட்டு, நடனம் ஆகியவற்றுள் எதை நிகழ்த்தினாலும் அதன் உரிமையாளர் நகர நிர்வாகத்திடம் தனி உரிமம் பெறவேண்டும் என்று நியூயார்க் நகர மன்றம் 1926-இல் சட்டம் இயற்றியது. காபரே சட்டம் எனப்பட்ட இது பெரிய நடனக் கூடங்களோடு, மூலையில் நாலு பேர் வாசிக்கும் சிறு விடுதிகளையும் பிடித்துக்கொண்டது. ஹார்லெமின் ஜாஸ் விடுதிகளில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து பழகியதே சட்டத்தின் உண்மையான இலக்கு என்று பின்னாளைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

1940 முதல் கலைஞரும் தனித்தனியே உரிமம் பெற வேண்டியதாயிற்று. விடுதிகளில் வாசிப்போர், பாடுவோர் மட்டுமன்றிப் பரிமாறுவோரும் காவல்துறையிடம் கைரேகை பதித்து, காபரே அட்டை என்னும் அடையாள அட்டையை வாங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கட்டணம் இரண்டு டாலர்தான். ஆனால் குற்றப் பதிவு இருந்தால் அட்டை மறுக்கப்படும் என்பதால், அந்தச் சிறு தொகைக்குப் பின்னே பிழைப்பையே நிறுத்தும் அதிகாரம் காவல்துறையின் கையில் இருந்தது. 1951-இல் போதைப்பொருள் வழக்கில் கைதான பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் அட்டையை இழந்து, 1957-இல் அதைத் திரும்பப் பெறும்வரை நகரின் விடுதிகளில் முறையாக வாசிக்க இயலாதவரானார். அவரது புகழ்பெற்ற இசைத்தட்டுகளுள் ஒன்றான ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ இந்த இடைக்காலத்தில்தான் பதிவாயிற்று. 1947-இல் தண்டனை பெற்ற பாடகி பில்லி ஹாலிடே, அடுத்த ஆண்டே கார்னகி அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடினார். கச்சேரி அரங்குக்கு அட்டை தேவைப்படாததே காரணம். அதே குரல் சிறு விடுதியில் ஒலிப்பது மட்டும் குற்றமாயிற்று. இவர்களுக்கேனும் அரங்குகளும் இசைத்தட்டுகளும் இருந்தன. வார இறுதி விடுதிக் கூலியையே நம்பியிருந்த பெயர் அறியப்படாத வாசிப்பாளர்களுக்கு அவையும் இல்லை, வரலாற்று நூல்களிலும் அவர்கள் அதிகம் தென்படுவதில்லை.

அட்டை முறை 1967-இல் ஒழிந்தது. விடுதிக்கான உரிமமோ நீடித்தது. மூவருக்கு மிகாமல் பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிதார் அல்லது தந்திக் கருவிகளை வாசித்தால் உரிமம் வேண்டாம் என்று 1961-இல் அளிக்கப்பட்டிருந்த விலக்கே இக்காலத்தில் சிறு விடுதிகளின் புகலிடமாயிற்று. இதன் விளைவு விசித்திரமானது: பியானோவும் கிதாரும் டபுள் பேஸும் சேர்ந்து ஒலிக்கலாம், ஒற்றை சாக்சபோன் தனியே ஒலித்தால் சட்ட மீறல். உரிமம் வணிக, தொழில் பகுதிகளில் மட்டுமே கிடைத்ததோடு, தீயணைப்புத் துறை, கட்டடத் துறை ஆகியவற்றின் சோதனைகளையும் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே சிறு விடுதிக்காரர் கணக்குப் பார்த்து டிரம் வாசிப்பவரையும் ஊதுகருவிக் கலைஞரையும் நான்காமவரையும் தவிர்ப்பது இயல்பே. தாளக் கருவியை நீக்கிய ஜாஸை எழுத்தர் எவரோ மேசையில் வடிவமைத்தார் என்றே சொல்லவேண்டும்.

இசைக்கலைஞர் சங்கத்தின் ஆதரவோடு சட்டப் பேராசிரியர் பால் செவிக்னி நடத்திய வழக்கில், கருவிகளுக்கு இடையிலான பாகுபாடு 1986-இலும் மூவர் வரம்பு 1988-இலும் பேச்சுரிமைக்கு முரணானவை எனத் தள்ளப்பட்டன. நடனத்துக்கான உரிமம் மட்டும் 2017 வரை தொடர்ந்தது. அப்போது நகரின் பல்லாயிரம் உணவகங்களிலும் மதுவிடுதிகளிலும் அதை வைத்திருந்தவை நூறுக்கும் குறைவு.