இருப்புப் பாதையும் மலை வீதியும்

பூண்டுலோயாவுக்குப் புகையிரதப் பாதை இல்லை. அவ்வூரார் தலவாக்கலைக்குச் சென்றே புகையிரதம் ஏறுவர். 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப் பாதை, தோட்ட விளைபொருளைத் துறைமுகஞ் சேர்க்கவென எழுந்தது. ஆயினும், அதிற் பயணிகளின் பாதுகாப்புக்கும் ஒரு முறைமை அமைந்தமை நோக்கற்பாலது.

1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதையில் இரு புகையிரதங்கள் நேருக்குநேர் மோதின. அதன்பின் எட்வர்ட் டயர் என்பார் வகுத்த தகட்டு முறையே மலைநாட்டு இருப்புப் பாதையிலும் கைக்கொள்ளப்பட்டது. அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தகடு வெளியே இருக்கையில் மற்றொன்றை எடுத்தல் இயலாது; தகடு பெறாத சாரதி புறப்படலாகாது. மனிதர் தவறினும் கருவி தடுக்கும் என்பதே இதன் அடிப்படை.

வீதியின் வரலாறு வேறு. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. 1979இல் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். உடைமை மாறிற்று, பாதுகாப்போ சாரதியின் விழிப்பையும் பிரேக்கின் வலுவையுமே நம்பி நின்றது. 2025 மே 11ஆம் திகதி, பூண்டுலோயாவை அடுத்த கொத்மலைப் பகுதியின் கெரண்டிஎல்லவில், 70க்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய விபத்துக்களில் சாரதியைக் குறைகூறுவதோடு விசாரணை முடிந்துவிடலாகாது. தகடின்றிப் புகையிரதம் புறப்படுவதைத் தடுக்க ஒரு கருவி இருந்தது. அளவுக்கு மீறி ஆளேற்றிய பஸ் புறப்படுவதைத் தடுக்க மலை வீதியில் யாது உளது? பூண்டுலோயா மக்களுக்கு வாய்த்ததோ அவ்வீதியே.