கங்காணி முதல் கணினி வரை

திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார்; ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். பிறர் உள்ளத்தை உணரும் ஆற்றல் அரசவைக்கும் வேண்டும், அன்புறவுக்கும் வேண்டும். ஆயினும் அவ்வாற்றலே மாந்தரை வயப்படுத்தும் கருவியாகவும் மாறும். இதற்கு நம்மவர் குடிபெயர்ந்த வரலாறே சான்றாகும்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியும் ஒரு தோட்டத் தொழிலாளியே. உரிமம் பெற்றுத் தன் சொந்த ஊருக்கே அவன் அனுப்பப்பட்டான். எவர் கடனில் மூழ்கினர், எவர் நிலம் வறண்டது என்பதெல்லாம் ஊரானாகிய அவனுக்கு எளிதில் விளங்கின. ஆதலின் அவன் சொல் பலித்தது. தலைக்கு இவ்வளவு எனத் தரகும் கிடைத்தது. 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தபின் கங்காணி முறையே மேலோங்கிற்று. 1938இல் இந்திய அரசு தடை விதித்த பின்னரே அது ஓய்ந்தது.

அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்கள் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். இன்று ஜாலான் புசாரில் பேருந்துக்குக் காத்திருப்போர் அனைவர் கையிலும் கைப்பேசி உள்ளது. எதைத் தொட்டோம், எதைத் தேடினோம், எந்நேரம் வரை உறங்காதிருந்தோம் என்பன யாவும் அதன்வழிப் பதிவாகின்றன.

முகநூலில் இட்ட விருப்பக்குறிகளைக் கொண்டே ஒருவரின் இயல்பைக் கணிக்கலாம் என்பதை, 58,000 பேரை ஆராய்ந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இயல்புக்கேற்ற விளம்பரம் காட்டப்பட்டபோது விற்பனை 50 விழுக்காடு வரை மிகுந்தது. மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா முறைகேடு வெளிப்பட்டது. உலகில் 8 கோடியே 70 இலட்சம் பேரின் தகவல்கள், சிங்கப்பூரில் மட்டும் ஏறத்தாழ 65,000 பேரின் தகவல்கள், முறையின்றிப் பகிரப்பட்டிருக்கலாம் என முகநூல் நிறுவனமே அறிவித்தது.

கங்காணிக்கு ஒரு முகம் இருந்தது. ஊரார் அவனை வினவலாம், வையலாம். கணினிக்குப் பின்னிருப்பவரையோ நாம் காண்பதில்லை. தேர்வில் தோற்ற மாணவன் நள்ளிரவில் எதைத் தேடினான் என்பதை, பெற்றோர் அறியுமுன் அவர் அறிவார். அவன் தளர்ந்திருக்கும் வேளையையும் அறிவார்.

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், படித்துப் பாராமலே 'ஒப்புகிறேன்' என்பதைத் தொடும் விரலை எச்சட்டமும் தடுக்க இயலாது. ஆகவே, ஆசிரியராகிய நாம் மாணவர்க்கு மூன்றாவதாக ஒரு குறிப்பறிதலையும் கற்பித்தல் வேண்டும்: அது, தன் குறிப்பைப் பிறர் அறியுமுன் தானே அறிதல்.