தி பொயட் எக்ஸ்

எலிசபெத் அசெவெடோ எழுதி 2018இல் வெளிவந்த, கவிதை வடிவிலான இளையோர் நாவல். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான மனக்கசப்பே இதன் உயிர். நியூயார்க்கின் ஹார்லெமில் வாழும் டொமினிக்கன் குடும்பத்துப் பெண் சியோமாரா, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் நோட்டில் கவிதையாக எழுதிவைக்கிறாள். கன்னியாஸ்திரியாகும் ஆசை நிறைவேறாமலே மணமுடித்த தாய், மகளையாவது தேவாலயத்தோடு கட்டிப்போடப் பார்க்கிறாள். அந்த நோட்டு கையில் சிக்கியதும் தீ வைக்கிறாள். காகிதம் கருகுகிறது, தாய் ஜெபிக்கிறாள், மகளோ எரியும் வரிகளை மனப்பாடமாக உரக்கச் சொல்கிறாள். இருவருமே மன்றாடுகிறார்கள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. தாயை வெறும் கொடுமைக்காரியாக்காமல் அவள் இழப்பையும் காட்டுவதுதான் நாவலின் பெரிய பலம். அமெரிக்கத் தேசியப் புத்தக விருதும் (2018), பிரிட்டனின் கார்னகி பதக்கமும் (2019) பெற்றது.