அலாய் வீல் வெள்ளை வெள்ளையா பூக்குதா? பாத்ரூம் ஆசிட்டை மட்டும் எடுத்துடாதீங்க!

பெயிண்ட் பளபளப்பா இருக்கு, வீல் மட்டும் வெள்ளைத் திட்டாகப் பூத்துப்போய் நிற்கிறதா? சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

ஏன் இப்படி ஆகிறது?

அலாய் வீலில் பெரும்பங்கு அலுமினியம். காற்று பட்டதுமே அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அது உலோகத்துக்குக் கவசம். உப்புக்காற்றுதான் இங்கே வில்லன். அந்தக் கவசத்தைத் துளைத்து உள்ளே அரிக்கும். இதைத் தடுக்கத்தான் வீல் மேல் 'கிளியர் கோட்' அடிக்கிறார்கள். பிளாட்பாரத்தில் உரசி அது பெயர்ந்துவிட்டால், ஈரம் உள்ளே புகுந்து, புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடும். பழுப்புப் புள்ளிகள் வேறு சமாச்சாரம். அவை பிரேக்கில் இருந்து பறந்து ஒட்டி, துருப்பிடித்த இரும்புத் தூள்.

ஆசிட் ஊத்தினா பளிச்சுன்னு ஆகுமே?

ஆகும், கொஞ்ச நாளைக்கு! பாத்ரூம் ஆசிட்டில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அழுக்கோடு சேர்த்து கவசத்தையும் அது கரைத்துவிடும். அப்புறம் முன்பைவிட வேகமாகப் பூக்கும். பக்கத்தில் இருக்கும் நட்டும் பிரேக் டிஸ்க்கும் துருப்பிடிக்கும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைத் தின்னும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஓட்டி வந்த சூட்டில் கழுவாதீர்கள். வீல் ஆறியதும், கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். பாடிக்கு வேறு துணி, வேறு பக்கெட். இல்லையென்றால் வீலில் இருக்கும் இரும்புத் தூள் பெயிண்ட்டைக் கீறிவிடும்.

மெட்டல் பாலிஷ் போடும் முன் ஒரு சின்ன டெஸ்ட். ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம், தாராளமாக பாலிஷ் போடலாம். கறுக்கவில்லை என்றால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. மெட்டல் பாலிஷ் அதையே தேய்த்து எடுத்துவிடும். கார் வாக்ஸ் போதும். பூச்சுக்கு அடியில் ஓடும் கோடு எந்த பாலிஷுக்கும் போகாது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

வாரா வாரம் காத்து இறங்குதா?

பங்க்சர் கடையில் ஆணி எதுவும் கிடைக்கவில்லை என்றால், டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அரிப்பு பொருக்கு கட்டினால் ட்யூப்லெஸ் டயர் சரியாக ஒட்டாது, காற்று மெல்லக் கசியும். டயரைக் கழற்றி அந்த இடத்தைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரிம்மில் விரிசல் தெரிந்தால் அந்த வீலை ஓட்டவே கூடாது.

வீலைக் கழற்றி மாட்டினால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை செக் செய்யுங்கள். முக்கியமா, பிரேக் டிஸ்க்கில் பாலிஷோ வாக்ஸோ படவே கூடாது, பிரேக் பிடிக்காது!