பேட்டரியா, பிணையமா? பின்தங்கும் கணினிக் கடிகாரம்: ஓர் ஒப்பாய்வு

புணேயின் கோந்த்வாவில் உள்ள சிறு அலுவலகமானாலும் சென்னையில் உள்ள வீடானாலும், பழைய டெஸ்க்டாப் ஒன்று மணி தவறத் தொடங்கினால் தொல்லை ஒன்றுதான். வங்கித் தளம் ‘சான்றிதழ் செல்லாது’ என்று திருப்பி அனுப்புகிறது. கணக்குப் பதிவில் தேதி புரள்கிறது. இதற்கு அடிக்கடி காரணமாவது இரண்டு கோளாறுகளில் ஒன்று: மதர்போர்டு பேட்டரி தளர்வது, அல்லது இணையம் வழியாக நேரம் சரிபார்க்கும் ஏற்பாடு நிற்பது. வெளியில் ஒன்றுபோலத் தெரியும் இவ்விரண்டும் வேறு வேறு இடத்தில் பிறப்பவை. பிரித்தறியாமல் கை வைத்தால் பணமும் பொழுதும் வீண்.

பேட்டரிக் கோளாறு கணினி அணைந்திருக்கும்போது நேர்வது. மதர்போர்டின் கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோது அதை ஓட்டுவது சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பட்டன் செல். பிளக் பாயிண்டில் மின்சாரம் இருக்கும்வரை, கணினியை அணைத்திருந்தாலும் பவர் சப்ளையே பெரும்பாலும் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும். இரவுதோறும் சுவிட்சையே அணைத்துவிடும் இடங்களிலும் மின்வெட்டு மிகுந்த இடங்களிலும் செல் விரைவில் தேய்வது இதனால்தான்.

பிணையக் கோளாறு கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிப்படுவது. இயங்குதளம் தொடங்கும்போது மதர்போர்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு தன் கணக்கிலேயே நேரத்தை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையில் சிறு பிசகு எப்போதும் உண்டு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்தில் ஏறக்குறைய 52 நொடி. அதைத் திருத்தவே டேவிட் மில்ஸ் வடிவமைத்த என்டிபி நெறிமுறை 1985இல் வந்தது. ஃபயர்வால் அதன் 123ஆம் போர்ட்டை அடைத்தாலோ, விண்டோஸ் டைம் சேவை நின்றாலோ திருத்தம் வராது.

அறிகுறிகளை எதிரெதிரே வைத்தால் வேறுபாடு தெளிவு. பேட்டரி தளர்ந்தால் காலையில் கணினியைப் போடும்போதே மணி பின்தங்கியிருக்கும். முற்றிலும் தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய், பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் அழியலாம். பிணையம் காரணமென்றால் பிழை நொடி நொடியாகச் சேரும். அலுவலகக் கணினிகள் எல்லாம் ஒரே அளவு தவறினால், அவற்றுக்கு நேரம் கொடுக்கும் சர்வரைத்தான் பார்க்க வேண்டும். சரியாக ஐந்தரை மணி நேரம் விலகினால் இரண்டும் காரணமல்ல. நேர மண்டலத்தைப் பாருங்கள், அல்லது மதர்போர்டு கடிகாரத்தை வேறு வேறு விதமாகப் படிக்கும் லினக்ஸும் விண்டோஸும் அதே கணினியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சோதனையும் எளிது. மாலையில் மணியைச் சரிசெய்து, சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் விண்டோஸ் ஏறுவதற்கு முன் பயாஸ் திரையில் நேரத்தைப் பாருங்கள். அங்கேயே தவறென்றால் பெரும்பாலும் செல்தான். அங்கே சரியாக இருந்து, பகலில் பிசகினால் நேரச் சேவையையும் ஃபயர்வாலையும் ஆராயுங்கள்.

தீர்வுகளில் செல்லை மாற்றுவது மலிவானது. பயாஸ் அமைப்புகளைக் குறித்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றிய பிறகு செய்ய வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் வட்டுப் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீடும் கையில் இருக்கட்டும். பிணையத் தீர்வுக்குச் செலவில்லை. தேசிய இயற்பியல் ஆய்வகமும் தேசியத் தகவலியல் மையமும் நேர சர்வர்களை நடத்துகின்றன. நிறுவனங்களின் கணினிகள் அவற்றோடு ஒத்திசைந்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் உத்தரவிட்டது.

ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. தளர்ந்த செல்லை என்டிபி சில காலம் மறைக்கும். ஆனால் விண்டோஸ், தனிக் கணினியில் இயல்பாக 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட விலகலை ஏற்று ஒத்திசைக்க மறுக்கலாம். புதுச் செல்லும் நாள்தோறும் சேரும் பிசகைத் திருத்தாது. ஆகவே முதலில் செல்லைச் சோதியுங்கள், பிறகு பிணையத்தை. கழற்றிய செல்லைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.