ரங்கூன் மல்லியும் சில சங்கங்களும்

ரங்கூன் மல்லியை அறியாதவர் எம்மில் குறைவு. படலைக்கு மேலே வளைத்துக் கட்டிய கம்பியில் ஏறிப் படரும். மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோசாவாகி, அதற்கடுத்த நாள் கடுஞ்சிவப்பாகித் தொங்கும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். பூசைக்கு உகந்ததோ இல்லையோ, ஒழுங்கையால் போகிறவரை ஒரு கணம் நிற்க வைக்கும் வாசனை அதற்கு உண்டு.

இந்தக் கொடிக்குத் தாவரவியலார் இட்ட பழைய பெயர் குவிஸ்குவாலிஸ். இலத்தீனில் 'யார், எது' என்று பொருள். 17ம் நூற்றாண்டில் அம்போன் தீவில் ஒல்லாந்தரிடம் வேலை பார்த்த ரம்பியஸ் என்பவர் இதன் மலாய்ப் பெயரான 'உடானி'யைக் கேட்டார். அது டச்சு மொழியில் 'எப்படி' என்று கேட்கும் சொல்லைப் போல ஒலித்ததாம். அதை வைத்து அவர் இலத்தீனில் ஒரு கேள்வியையே பெயராக்கிவிட்டார். பின்னர் வந்த லின்னேயஸும் அதையே ஏற்றுக்கொண்டார். இப்போது அதைக் கொம்பிரீற்றம் என்ற இனத்தில் சேர்த்துவிட்டார்கள். எமக்கு அந்தப் பழைய கேள்விதான் பிடித்திருக்கிறது.

கொடி ரங்கூனுக்கு மட்டும் உரியதல்ல. தென்கிழக்காசியா எங்கும் உள்ளதுதான். ஆனால் ஓர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு செடி கடல் கடப்பதென்றால், இடையில் யாரோ விதை சேர்த்து, பொதி கட்டி, கடிதம் எழுதி, கப்பலில் ஏற்றியிருக்க வேண்டும். 19ம் நூற்றாண்டில் வங்காள விரிகுடாவைச் சுற்றி அந்த வேலையைப் பெருமளவு செய்தவை வேளாண் தோட்டக்கலைச் சங்கங்கள். கல்கத்தா, சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், ரங்கூன், பின்னர் கொழும்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை தோன்றின. அவற்றை நடத்தியவர்கள் வேறு, அவற்றின் மண்ணில் நின்றவர்கள் வேறு. ஊர் விட்டு வந்து, வந்த இடமெல்லாம் சங்கம் அமைக்கும் நாம் அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பதில் தவறில்லை.

முதலாவது சங்கம் கல்கத்தாவில் 1820ம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கியது. தொடங்கியவர் செராம்பூர் பாதிரியார் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த இவர் பைபிளை வங்காளியில் பெயர்த்தவர். அதே அளவு பற்றுடன் செராம்பூரில் ஒரு தோட்டமும் வளர்த்தவர். அவருடைய மூத்த மகன் பீலிக்ஸ் 1807இல் மிசனரியாக ரங்கூனுக்குப் போனார். அப்போது ரங்கூன் பர்மிய அரசரின் துறைமுகம். 1814இல் ஐராவதியில் படகு கவிழ்ந்து பீலிக்ஸின் மனைவியும் பிள்ளைகளும் மூழ்கிப் போனார்கள். அவர் உயிர் தப்பினார். கல்கத்தாச் சங்கம் பிறந்து இரண்டு ஆண்டுகளில், 1822இல், அவரும் இறந்தார். தந்தையின் தோட்டத்துக்கும் ரங்கூனுக்கும் இடையிலான உறவு இவ்வளவு துயரத்தோடுதான் தொடங்கியது.

கேரி செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சங்கத்தில் இந்தியரும் ஐரோப்பியருக்குச் சமமாக உறுப்பினராகலாம் என்று அவர் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார். இராதாகாந்த தேவ் துணைத்தலைவரானார். ராம் கமல் சென் போன்றவர்கள் நிருவாகத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் வெள்ளையரின் கிளப்புகளில் இந்தியர் பரிமாறுவதற்கு மட்டும் நுழைந்ததை நினைத்தால் இது சிறிய விடயமல்ல. ஆனால் வந்து அமர்ந்த இந்தியர் யார்? சமீந்தார்கள், வங்கியோடும் வணிகத்தோடும் தொடர்புள்ள பெரிய மனிதர்கள். மாலிகளுக்குக் கதிரை போடப்படவில்லை. அவர்களுக்குச் சங்கம் கொடுத்தது காய்கறிக் கண்காட்சியில் பணப்பரிசு. நல்ல பூக்கோசும் நல்ல பட்டாணியும் கொண்டுவந்தால் கையில் ரூபாய். பூக்கோசும் முட்டைக்கோசும் வங்காளச் சந்தைகளில் பரவியதற்கு அந்தப் பணப்பரிசுகளும் ஒரு காரணம். கேரியின் நல்ல மனதை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவருடைய சமத்துவம் தோட்டத்து வேலிக்கு வெளியில் நின்றுவிட்டது என்பதே எமது கருத்து.

சங்கம் எப்படி நடந்தது? உறுப்பினர் சந்தா கட்டுவார்கள். அந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்தும் கேப்பிலிருந்தும் விதை தருவிக்கப்படும். பொதிகள் உறுப்பினருக்கும் கிளைச் சங்கங்களுக்கும் பிரித்து அனுப்பப்படும். எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று அவர்கள் எழுதுவார்கள். அந்தக் கடிதங்கள் சங்க ஏட்டில் அச்சாகும். ஆண்டுக்கொரு மலர்க் கண்காட்சி. அவ்வளவுதான். தோட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சங்கம் நடக்கும். ஆனால் கடிதம் நின்றால் சங்கம் நின்றுவிடும்.

பர்மாவின் செடிகளில் இந்தப் பின்னலுக்குள் பெரும் ஆரவாரத்தோடு வந்தது ஒரு மரம். 1826 - 27இல், முதலாம் ஆங்கில - பர்மியப் போர் முடிந்த கையோடு, கல்கத்தாத் தாவரவியற் பூங்காவின் மேலாளரான நத்தானியல் வாலிச் பர்மாவுக்குப் போனார். சல்வீன் ஆற்றங்கரையில், மார்த்தபானுக்கு அருகே, பாழடைந்த ஒரு பௌத்த மடத்தின் தோட்டத்தில் இரண்டு மரங்களைக் கண்டார். சரவிளக்குப் போலத் தொங்கும் செந்நிறப் பூக்கள். அருகிலிருந்த குகையில் புத்தர் சிலைகளுக்கு முன்னே அதே பூக்கள் கை நிறைய வைக்கப்பட்டிருந்தன. பர்மியர் அதைத் 'தோக்கா' என்பார்கள். எமது 'அசோகு' என்ற சொல்லின் உறவு அது. வாலிச் அதற்கு இட்ட பெயர் அம்ஹர்ஸ்டியா. போரை நடத்திய கவர்னர் ஜெனரல் அம்ஹர்ஸ்ட் பிரபுவின் மனைவியையும் மகளையும் சிறப்பித்து வைத்த பெயர். மடத்தில் நட்டவர் யார், நாள்தோறும் பூப்பறித்துக் குகைக்குக் கொண்டுபோனவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மரம் 'கண்டுபிடிக்கப்பட்டது'.

அதன் பிறகு இங்கிலாந்துச் சீமான்களுக்கு அது ஒரு பித்தாகிவிட்டது. டெவன்சயர் கோமகன் அதைக் கொண்டுவரவென்றே ஜோன் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரை 1835இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணோடு செடியை அடைத்துக் கொண்டுபோகும் வார்ட் என்பவரின் முறை அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு முன் உப்புக்காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் கப்பலேறிய செடிகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். கிப்சன் மரத்தை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் கோமகனின் கண்ணாடி மாளிகையில் அது பூக்கும் முன்னரே, 1849இல், லண்டனுக்கு அருகே ஈலிங்கில் லோரன்ஸ் சீமாட்டியின் தோட்டத்தில் முதல் பூ பூத்தது. கோமகனுக்கு எப்படியிருந்திருக்கும் என்று நாம் எண்ணிச் சிரித்ததுண்டு.

கல்கத்தாவைப் பார்த்து மற்ற ஊர்களிலும் சங்கங்கள் எழுந்தன. சென்னையில் 1835இல் தொடங்கிய சங்கத்துக்கு ரொபேட் வைட் போன்ற தாவரவியலார் உயிர் கொடுத்தார்கள். 1853இல் அதன் தோட்டத்துச் செடிகளின் பட்டியலைக் கிளெக்ஹோர்ன் நூலாகவே வெளியிட்டார். பெங்களூரில் ஹைதர் அலி போட்ட லால்பாக் 1836இல் சங்கத்தின் கைக்கு வந்தது. ஆறே ஆண்டுகளில், 1842இல், சங்கம் கலைந்து தோட்டம் அரசிடம் திரும்பியது. சிங்கப்பூரில் 1859இல் சங்கம் போட்ட தோட்டம்தான் இன்று உலகப் புகழ் பெற்ற தாவரவியற் பூங்கா. கடன் தாங்காமல் 1870களின் நடுவில் அதுவும் அரசிடம் போயிற்று.

ரங்கூனுக்கு வருவோம். 1852இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, பழைய குடியிருப்புகளை அகற்றி, சதுரம் சதுரமாகப் புதிய நகரை வரைந்தார்கள். அந்த வரைபடத்துக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் மருத்துவர் வில்லியம் மொன்கொமறி. இவர் முன்னர் சிங்கப்பூரில் சோதனைத் தோட்டத்தைக் கவனித்தவர், கட்டாபேர்ச்சா என்ற மரப்பாலை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியவர். இப்படி மனிதர்களும் இந்தப் பின்னலில் ஊர் ஊராக நகர்ந்தார்கள். புதிய நகரில் பர்மிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் எழுந்து, அதற்கென ஒரு தோட்டமும் கிடைத்தது. முதல் ஆணையாளர் ஆர்தர் பேயரின் பெயரால் ஓர் அருங்காட்சியகம் அந்த வளவிலேயே அமைந்தது. 1882 அளவில் சில விலங்குகளும் அங்கே கூண்டில் இருந்தன.

ரங்கூனில் தோட்டச் சங்கம் நடத்துவது இலேசான வேலையல்ல. ஆண்டு மழை நூறு அங்குலத்துக்கு மேல். மே நடுவில் பிடித்தால் ஒக்டோபர் வரை விடாது. சீமைக் காய்கறிக்கும் சீமைப் பூவுக்கும் கிடைப்பது நவம்பரிலிருந்து பெப்ரவரி வரையான சிறிய குளிர்காலம். விதை மழைக்காலத்தில் வந்திறங்கினால் ஈரத்தில் முளைப்புத் திறன் போய்விடும். பிந்தி வந்தால் வெயில் வந்துவிடும். எனவே கப்பலின் நாளும் வானத்தின் நாளும் பொருந்தவேண்டும். விதையைக் காற்றுப் புகாத தகரத்தில் அடைப்பது, கூரைக்குக் கீழே நாற்றுப் போடுவது, வடிகால் வெட்டுவது, அடைமழையில் நாற்றை மூடுவது எல்லாம் யாருடைய வேலை? செயலாளரான துரையின் வேலையல்ல.

நகரத்தின் உடலுழைப்பு அந்நாளில் பெரும்பாலும் விரிகுடாவைக் கடந்து வந்தவர்களிடம் இருந்தது. தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள், இந்துஸ்தானிகள். 1931 குடிசனக் கணக்கெடுப்பில் ரங்கூனின் ஏறத்தாழ 4 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழர் என்றதும் எல்லோரும் முகல் தெருச் செட்டிமாரையே நினைப்பார்கள். நெல் விலை விழுந்த காலத்தில் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்த நிலம், முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 வீதமாயிருந்து 1938இல் 25 வீதமாயிற்று. அந்தக் கணக்கு எல்லா நூல்களிலும் உண்டு. மண்வெட்டியோடு வந்தவர்களின் கணக்கு 'மாலி', 'கூலி' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. பர்மியரின் கோபம் வெடித்தபோது இந்த இரு சாராரையும் அது பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சங்கத்தின் வளவு நீடிக்கவில்லை. நகரம் பெருத்தது, பெரிய ஆசுபத்திரி கட்ட இடம் தேவைப்பட்டது. 1904 அளவில் அருங்காட்சியகம் அகற்றப்பட்டது. விலங்குகளுக்கு அரச ஏரிக்கருகே புதிய இடம் பார்த்து, பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1906 ஜனவரியில் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு விக்டோரியா நினைவுப் பூங்கா என்று திறந்தார்கள். இன்றைய யாங்கோன் விலங்குக்காட்சிச் சாலை அதுவே. செடி நின்ற மண்ணில் சிவப்புச் செங்கல்லில் ரங்கூன் பொது மருத்துவமனை எழுந்தது. 1988 ஓகஸ்டில் இராணுவம் சுட்டதும், அதே மாதத்தில் ஆங் சான் சூ கீ முதன்முதலாகப் பொதுமக்கள் முன் பேசியதும் அந்த மருத்துவமனை வாசலில்தான். ஒரு தோட்டம் போனதற்காக வருந்துவதா, ஆசுபத்திரி வந்ததற்காக மகிழ்வதா என்றால் நாம் இரண்டாவதையே சொல்வோம். ஆனால் நிலம் ஒருபோதும் சங்கத்தினுடையதாக இருக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். சென்னையிலும் அதுவே நடந்தது. சங்கத்தின் நிலத்தில் 1962 முதல் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, நீண்ட இழுபறிக்குப் பின் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. எதிர்ப்புறத்தில் மீட்கப்பட்ட இடத்தில் 2024இல் இன்னொரு பூங்கா திறக்கப்பட்டது.

ரங்கூனில் நிலத்தோடு மனிதரும் போனார்கள். 1941 டிசம்பர் 23இல் யப்பானியக் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர் வெளியேறினார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களையும் திரும்பிப் போனவர்களையும் 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கிய ஆட்சி துரத்தியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அந்த ஆண்டுகளில் கப்பலேறினார்கள். சென்னை வியாசர்பாடியில் அவர்கள் இன்றும் மொகிங்கா காய்ச்சுகிறார்கள். அதற்கு வாழைத்தண்டு வேண்டும். வாழை எந்த மண்ணிலும் வரும்.

இதே காலத்தில் எமது நாட்டில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1904இல் தேசாதிபதி ஹென்றி பிளேக் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம் தொடங்கியது. மற்றைய ஊர்களில் ஒரு நகரத்துக்கு ஒரு சங்கம். இங்கே தீவு முழுதும் கிளைச் சங்கங்கள், தலைமைச் சங்கத்துக்கு ஓர் ஏடு, ஊர்ப் பொருட்காட்சிகள், விதைப் பங்கீடு. மேலிருந்து வந்த சங்கம்தான், தலைவர் தேசாதிபதியேதான். கச்சேரி சொன்னதற்காகக் கூட்டத்துக்கு வந்த விதானைமார் இருந்திருப்பார்கள். 1912இல் விவசாயத் திணைக்களம் வந்தபின் அதன் வேலை மெல்ல அங்கே போயிற்று. ஆனாலும் செயலாளராயிருந்த டிரீபேர்க் என்பவர் பள்ளிக்கூடத் தோட்டங்களையும் மேற்பார்வை செய்தார். விதைப் பொதி துரையின் பங்களாவுக்குப் போகாமல் கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பாத்தி கட்டிய பிள்ளையே அறுவடையையும் பார்த்தது. பள்ளிக்கூட வளவில் வெண்டிக்கும் கத்தரிக்கும் வாளியில் தண்ணீர் சுமந்த எம்மில் பலர் அந்தச் சங்கத்தின் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். இந்தப் பின்னலில் வேலிக்கு உள்ளே வந்த ஒரு வேலை அதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

இங்கே ஜேர்மனியில் தோட்டத்துண்டு எடுத்திருக்கும் எம்மவருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. துண்டு உங்களுடையதல்ல, வாடகை. ஊர்ச் சங்கம், அதற்கு மேலே நகரச் சம்மேளனம், மாநிலம், நாடு என்று படி படியாக அமைப்பு. 1983ம் ஆண்டுச் சட்டப்படி 400 சதுர மீற்றருக்கு மேல் கூடாது, கொட்டில் 24 சதுர மீற்றருக்கு மேல் கூடாது. வேலி எவ்வளவு உயரம் என்பதற்கும் கூட்டத்தில் வாக்கெடுப்பு உண்டு. ஆனால் நட்டவரே உறுப்பினர், நட்டவரே பரிசு வாங்குவார்.

எமது நண்பர் வட்டத்தில் ஒவ்வொரு மாசியிலும் கடித உறைகளில் விதை வருகிறது. பயிற்றை, வெண்டி, கொச்சி மிளகாய். உறையில் செடியின் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதியிருக்கும். அடுத்த முறை விதை எடுத்தவரின் பெயரையும் அவருடைய ஊரையும் எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறோம்.